மாப்பிள்ளை வீட்டு ஹீட் பம்பு

கோவில்பட்டி,
பிப்ரவரி 18.

கர்த்தருக்குள் அன்பான மாப்பிள்ளை பெனோ அவர்களுக்கு,

மாமா எபநேசர் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் அத்தை மேரிராணியும் இங்கே வேர்த்து விறுவிறுத்து நலமாக இருக்கிறோம். நீங்களும் என் மகள் ஜீனாவும் கனடாவில், சொந்த வீட்டுக்குள்ளேயே விறைத்துப்போய், அதே கிருபையால் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் நான் எது கேட்டாலும் தாங்கள் ஒரு கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடுவதால், விவரம் முழுவதையும் காகிதத்தில் எழுதி, அதைப் போட்டோ எடுத்து, அதே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இதற்கும் கட்டைவிரல் வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

தாங்கள் அந்த வீட்டை வாங்கியபோது, "மாமா, இங்கன இப்போ எல்லாரும் ஹீட் பம்புதான் போடுதாங்க. வெளிய இருக்க காத்துல இருந்தே சூட்ட உறிஞ்சி உள்ள தள்ளிரும். வெயில் காலத்துல அதுவே ஏ.சி.யாவும் ஓடும்" என்று சொன்னீர்கள். வெளியே மைனஸ் பத்தொன்பது. அந்தக் காற்றில் உறிஞ்சுவதற்குச் சூடு எங்கே இருக்கிறது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் குறுக்குக் கேள்வி கேட்கும் வழக்கம் நம் பக்கத்தில் இல்லாததால் வாயை மூடிக்கொண்டேன். இப்போது ஒரு வாரமாக அது குளிர்காற்றை அள்ளி வீசுகிறது. ஒன்பது மாதக் கர்ப்பிணியான என் மகள் இரண்டு ஸ்வெட்டர் போட்டு, அதன் மேல் உங்கள் கோட்டையும் மாட்டி, காலில் மூன்று ஜோடி சாக்ஸோடு உட்கார்ந்திருக்கிறாள். வீடியோவில் மூக்கை வைத்துத்தான் அது ஜீனா என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கம்பெனிக்காரனைக் கூப்பிட்டால் பன்னிரண்டு நாள் கழித்து வருவானாம். அதற்குள் குழந்தையே வந்துவிடும். பேறுகாலம் பார்க்க உங்கள் அத்தைக்கு வருகிற வியாழக்கிழமை டிக்கெட் போட்டிருக்கிறீர்கள். ஆறு மாதத்துக்கு. அந்தக் குளிர்சாதனப் பெட்டிக்குள்தான் அவளையும் வைக்கப் போகிறீர்களா என்பதே இந்தக் கடிதத்தின் விஷயம்.

நான் சும்மா இருக்கவில்லை. பம்பு என்றால் பம்புக்காரனைத்தானே கூப்பிட வேண்டும்? நாகலாபுரத்தில் ஒரு மிளகாய்த் தோட்டத்தில் போர் மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் சீனியைக் கையோடு அழைத்து வந்தேன். கை முழுக்க கிரீஸோடு வந்து நின்றவன் முதலில் கேட்டது, "எத்தன அடி போர் அண்ணாச்சி?" போர் கிடையாது, காற்றிலிருந்து எடுக்கும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நம்மூர்ல எண்ணூறு அடிக்கு எறக்கியே தண்ணியக் காணும். இது காத்துல இருந்து எடுக்குதாக்கும்? எவனோ மாப்பிள்ளய நல்லா ஏமாத்திட்டான்" என்று உங்கள் மேல் இரக்கப்பட்டான். பிறகு, "என்ன பம்பா இருந்தா என்ன, ஏர் அடச்சிருக்கும். தண்ணி ஊத்தித்தான் கெளப்பணும். வெளிய இருக்க பொட்டி தலையில ரெண்டு வாளி ஊத்தச் சொல்லுங்க" என்றான். நான் அதை அப்படியே உங்களிடம் சொன்னேன். சொன்னேன்தான், மறுக்கவில்லை. ஆனால் பி.டெக். முடித்து, கம்ப்யூட்டருக்கே உத்தரவு போட்டுச் சம்பளம் வாங்கும் தாங்கள், மைனஸ் பத்தொன்பதில் ஊற்றுகிற தண்ணீர் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். ஒரு வாளி ஊற்றிப் பார்த்துவிட்டாவது யோசித்திருக்கலாம். தாங்களோ பெரியவர் சொல்லைத் தட்டாத பிள்ளையாக இரண்டையும் ஊற்றி, பெட்டியை ஐஸ் கட்டியாக்கி, அதைப் போட்டோவும் எடுத்து எங்களுக்கு அனுப்பினீர்கள். பார்த்த சீனி, "தண்ணி நல்ல தண்ணி போலுக்கே" என்றான். உப்பே தெரியவில்லையாம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் சுத்தியலும் வெந்நீருமாக வந்து பெட்டியை மீட்டதாக ஜீனா சொன்னாள். அவரிடம் நீங்கள் என்ன காரணம் சொன்னீர்களோ, அதை மட்டும் எனக்கு எழுத வேண்டாம்.

அதன்பின் எட்டயபுரம் ரோட்டில் ஏ.சி. கடை வைத்திருக்கும் சண்முகராஜிடம் போனேன். இருபது வருட அனுபவம் உள்ளவர். ஜீனா எடுத்து அனுப்பிய மெஷின் வீடியோவைக் கண்கொட்டாமல் பார்த்தார். "சார், இப்போ குளுந்த காத்து வருதா?" என்றார். வருகிறது என்றேன். "நல்லா வருதா?" பல் கிட்டிக்கிறது என்றேன். "பெறவு என்ன சார் கம்ப்ளைண்டு?" அதுதான் கம்ப்ளைண்டு என்று விளக்க முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் அவர், "குளுந்த காத்து வரலன்னு ஆயிரம் பேர் வந்திருக்காவ. வருதுன்னு அழுதுக்கிட்டு வந்த மொத ஆளு நீங்கதான். அந்த மெஷினுக்கு ஒரு கொறையும் இல்ல. மாப்பிள்ளைக்கு வேண்டாம்னா இங்கன அனுப்பச் சொல்லுங்க, நான் எடுத்துக்கிடுதேன்" என்றார். ஆனாலும் கடைக்கு வந்தவனை வெறுங்கையாக அனுப்பக் கூடாது என்று ஃபில்டரைக் கழுவிக் காயப்போடச் சொன்னார். காயப்போடு என்றால் வீட்டுக்குள்ளே காயப்போடலாம் மாப்பிள்ளை. பால்கனிக் கொடியில் போட்டு, அது அப்பளமாகி, எடுக்கும்போது இரண்டாக உடைந்துபோன செய்தியை ஜீனா சொன்னபோது நான் தங்கள் படிப்பை நினைத்துக்கொண்டேன். புது ஃபில்டர் மாட்டியும் குளிர்காற்று குறையவில்லை. சுத்தமான குளிர்காற்றாக வருகிறது என்கிறாள்.

உங்கள் அத்தை உடம்பு தங்களுக்குத் தெரியாது. ஒருமுறை சபைச் சுற்றுலாவில் கொடைக்கானல் போய், மூன்று நாளும் போர்வையை விட்டு வெளியே வராமல், ஏரியை ஜன்னல் வழியாகப் பார்த்துத் திரும்பியவள். அவளை அங்கே அனுப்பினால் பிள்ளை பெற்றவளை இவள் பார்ப்பாளா, இவளைப் பிள்ளை பெற்றவள் பார்ப்பாளா? ஆகவே நான் நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்த மெஷினில் சூடு வரும்வரை உங்கள் அத்தையை அனுப்புவதாக இல்லை. டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்கள். இந்த முடிவை அவளிடமும் சொல்லிவிட்டேன். "சரி சரி, அந்தக் கருப்பட்டிய எடுத்துத் தாங்க" என்று சொல்லி, பேறுகால மருந்துப் பொடியோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தால் முடிவு அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

தங்களுக்கு நல்ல புத்தியையும், என் மகளுக்குச் சுகப் பிரசவத்தையும், அந்த மெஷினுக்குக் கொஞ்சமாவது சூடு சொரணையையும் தேவன் கட்டளையிடுவாராக.

இப்படிக்கு,
தங்கள் மாமா,
ம. எபநேசர், பி.ஏ., பி.எட்.

பி.கு.: போட்டோ எடுக்கப்போன சமயம் ஜீனா வீடியோவில் வந்தாள். உங்கள் அத்தை போனை என் கையிலிருந்து பிடுங்கி, "ஏட்டி, அந்த ரிமோட்டக் காட்டு" என்றாள். அதில் பனிப் படம் இருந்தது. "சூடு வேணும்னா சூரியனத்தான அமுக்கணும்? இது யாரு பனியப் போட்டு வச்சது?" என்றாள். ஜீனா அமுக்கினாள். கால் மணி நேரத்தில் கோட்டைக் கழற்றிவிட்டு, "அப்பாதாம்மா போடச் சொன்னாவ" என்றாள்.

உண்மைதான். போன வாரம் பேட்டரி மாற்றிவிட்டு எதை அமுக்க என்று கேட்டாள். சூரியன் படம் கோடைக்கு, பனிப் படம் குளிர்காலத்துக்கு, உங்களுக்கு இப்போது குளிர்காலம் என்று நான்தான் விளக்கினேன். முப்பத்தொரு வருடம் புவியியல் நடத்திய வாத்தியார் பேச்சை அவள் சந்தேகப்படவில்லை. ஆகையால் மேலே உள்ளவற்றைத் தாங்கள் படித்திருந்தால் படிக்காததாக நினைத்துக்கொள்ளவும். டிக்கெட்டைத் தள்ளிப் போட வேண்டாம்.

"என்னய அனுப்பக் கூடாதுன்னு வேணும்னே சொன்னியளோ?" என்று உங்கள் அத்தை கேட்டாள். இல்லை என்றேன். அது சத்தியம். ஆனால் குளிர்காற்று வருகிறது என்று கேட்டதும் மகளுக்காகப் பதறிய அதே நேரத்தில், இவள் பயணம் தள்ளிப்போகுமே என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். கல்யாணமாகி முப்பத்துமூன்று வருடத்தில் அவள் என்னை விட்டு நான்கு நாளைக்கு மேல் எங்கும் இருந்ததில்லை. மாப்பிள்ளை, அவள் அங்கே வந்தபின் வாரத்துக்கு ஒரு சாமானாவது உங்கள் வீட்டில் பழுதாகட்டும். பழுதாகாவிட்டாலும் ஆனதாகச் சொல்லி, போனை அவள் கையில் கொடுத்துக் கூப்பிடச் சொல்லுங்கள். ஒரு காரணமும் இல்லாமல் அவளிடம் போனில் பேச எனக்குத் தெரியாது.