ரிகர்சல் சாரும் ஒரு நிஜ அழுகையும்

யாராவது சும்மா உட்கார்ந்திருப்பதைக் கண்டு ரிகர்சல் சார் பதறிய அளவுக்கு, பாம்பைக் கண்டுகூட யாரும் பதறியிருக்க மாட்டார்கள்.

காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் துடைப்பம் பிடித்தேன். எட்டாவதோடு நின்றவன் நான். எந்த வேலையிலும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதில்லை. அங்கே ‘டவுட் ரூம்’ என்று ஒன்று. கணக்கில் தடுமாறும் பிள்ளைகளுக்குச் சீனியர்களே சொல்லித்தர வேண்டும். பொறுப்பாளர் நம் சார். தடுமாறுகிறவர்கள் ஏராளம்; வெட்கத்தில் ஒருவரும் உள்ளே வருவதில்லை. நான்கு சீனியர்களும் போனைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

“போனை உள்ள வைங்க. ஆள் வரலைன்னா ரிகர்சல்!”

ஒருவர் பெயிலான மாணவராக நடிக்க வேண்டும். இன்னொருவர் விடையைச் சொல்லாமலே புரியவைக்க வேண்டும். மற்றவர்கள் நடிப்புக்கு மார்க் போட வேண்டும். அதே முகங்கள் அலுத்துவிட்டதால் கேன்டீன் மாஸ்டர், பஸ் டிரைவர் என்று கிடைத்தவரை எல்லாம் அனுப்பினார். கடைசியில் என்னையும் பிடித்தார்.

“எனக்கு ஒண்ணுமே தெரியாது சார்.”

“அதான்யா வேணும். நீ நடிக்கவே வேணாம்.”

அந்த செமஸ்டருக்குள் நிஜமாக ஒருவராவது வராவிட்டால் அறையில் ஜெராக்ஸ் மெஷின் வைத்துவிடுவோம் என்றது அலுவலகம். சார் பாதியாக இளைத்தார். ரிகர்சல் இரட்டிப்பானது.

ஒரு மழை மத்தியானம். சார் அலுவலகத்தில் கெஞ்சப் போயிருந்தார். நனைந்த துப்பட்டாவோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். உடனே அழுதாள்.

“இன்னொரு தபா பெயிலானா மார்க்கெட்டுல மீன் விக்க வந்து குந்துன்னு அம்மா சொல்லிடுச்சிக்கா.”

சார் அனுப்பிய புது ஆள் என்று நால்வரும் நினைத்தார்கள். ஒருத்தி கைதட்டினாள். “செம்மடி! கண்ணீர்லாம் எப்படி வரவைக்கிற?”

“பத்துக்கு எட்டு. மூக்கு உறிஞ்சுறதுதான் கொஞ்சம் ஓவர்” என்றான் ஒருவன்.

அவள் எழுந்து போய்விட்டாள். வாசலில் எதிர்ப்பட்ட சார், “யாருப்பா அந்தப் பொண்ணு?” என்றார்.

“நீங்க அனுப்பலையா சார்?”

சார் ஓடினார். அந்த உடம்புக்கு ஓட்டம் மட்டும்தான் ரிகர்சல் பார்க்காத காரியம். அவர் காலிலிருந்து கழன்ற செருப்புகளைப் பொறுக்கியபடி நானும் ஓடினேன். அவள் ஏறிய தாம்பரம் பஸ் கிளம்பிவிட்டது. “அம்மா, நீ நடிக்கலைன்னு அவங்களுக்குத் தெரியாதும்மா!” என்று பின்னாலேயே கத்தினார்.

“யோவ் பெர்சு, தள்ளு!” என்றார் கண்டக்டர்.

அவள் பெயரைக்கூட யாரும் கேட்டிருக்கவில்லை. அவள் பிறகு வரவுமில்லை. மெஷின் வந்தது. அதற்கு மட்டும் வாசல்வரை வரிசை.

சார் மத்தியானங்களில் பஸ் ஸ்டாப்பில் உட்கார ஆரம்பித்தார்.

“இன்னா சார், சும்மா குந்திகினு கீற?” என்றேன்.

“சும்மா இல்லய்யா. மன்னிப்பு கேக்க ரிகர்சல். நீதான் அந்தப் பொண்ணு, உக்காரு.”

உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே அவருக்குக் குரல் உடைந்தது. மார்க் போட எனக்கு மனம் வரவில்லை.

மழை விட்டதும் வேறு ஊர் பார்க்கிறவன் நான். அந்த வருஷம் மட்டும் வெயில் காலம் முடியும்வரை துடைப்பத்தை விடவில்லை. மத்தியானத்தில் அவர் எதிரே உட்கார ஒரு ஆள் வேண்டுமே.