குளிர் இறக்க முந்நூறு டாலர்

டேரில் ஹாவ்லிக் பதினோரு நிமிடம் செத்துப் போயிருந்தார். அவருக்கு வருமானம் வர ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

அதற்கு முன் அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்தம் செய்யும் பெட்டி விற்றுக்கொண்டிருந்தார். ஒருவரும் வாங்கவில்லை. ஒரு டிசம்பரில், உறைந்த ஏரியின் மேல் துளை போட்டு மீன் பிடிக்கப் போனவர், ஐஸ் உடைந்து உள்ளே விழுந்தார். பதினோரு நிமிடம் கழித்துத்தான் தூக்கினார்களாம். கடிகாரம் பார்த்தது யார்? அவரேதான். முழுகிக்கொண்டிருந்த மனுஷன் எப்படி மணி பார்த்தான் என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. ஏரிக்கு அடியில் குளிர் தன்னோடு பேசியது என்று அவர் சொன்னார். நாங்கள் நம்பினோம். முட்டை மாதிரி இருக்கிற பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்து நூறு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிற ஜனம். இதை நம்பமாட்டோமா?

மார்ல் ஹார்பரில் பிறந்தவனுக்கு மதம் எதுவாகவும் இருக்கலாம், அணி ஒன்றுதான்: மரவெட்டிகள். தோற்றால் வெளியே என்கிற ஜனவரி ஆட்டங்களில், சொந்த மைதானத்தில், மரவெட்டிகள் வரிசையாக மூன்று முறை தோற்றிருந்தார்கள். பந்தை எறிகிறவனின் கை சரியில்லை என்றது ஒரு கட்சி. பயிற்சியாளரின் தலை சரியில்லை என்றது இன்னொரு கட்சி. டேரில் மட்டும்தான் இருக்கை சரியில்லை என்றார்.

ஸ்டேடியத்தில் சில இருக்கைகளுக்குக் குளிர் பிடித்திருக்கிறதாம். மற்ற இடங்களுக்கு அடிப்பது சாதாரணக் குளிர். இது உள்ளே புகுந்து குடியிருக்கும் குளிர். அதில் உட்கார்ந்தவருக்குக் கால் விரல் போகும், அணிக்கு ஆட்டம் போகும்.

அவ்வளவுதான். ஸ்டாஸின் மதுக்கடை வாசலில் வரிசை நின்றது. பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரியில், மூக்கு ஒழுகி மீசையில் உறைய, கையில் டிக்கெட்டோடு இரண்டு மணி நேரம் நின்றார்கள். எதற்கு? தங்கள் இருக்கைக்குக் குளிர் பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள.

உள்ளே டேரில் மேசையில் ஸ்டேடியத்தின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். கையில் ஐஸ் மேல் மீன் பிடிக்கிற குட்டைத் தூண்டில். நுனியில் நூல், நூலில் ஈயக்குண்டு. இருபது டாலர் வைத்தால் உங்கள் இருக்கைக்கு மேல் குண்டு ஆடும். நேராக ஆடினால் பிழைத்தீர்கள். வட்டமாகச் சுற்றினால் போச்சு. அழுகிற முகத்தோடு நின்றால் டேரில் மனம் இளகுவார். "சரி, அந்தச் சனியனை நான் ஏத்துக்கறேன்" என்று பத்து டாலர் கொடுத்து உங்கள் டிக்கெட்டை வாங்கிக்கொள்வார். பிறகு அதற்குக் 'குளிர் இறக்கி' வேறொருவருக்கு முந்நூறு டாலருக்கு விற்பார்.

இதில் ஒரு வேடிக்கை. குண்டு சுற்றியதெல்லாம் ஆடுகளத்தின் நடுக்கோட்டுக்கு நேர் எதிரே இருக்கிற நல்ல இடங்களில்தான். ஏரிக்காற்று நேராக வந்து அறைகிற வடக்கு மூலையில் ஒரு இருக்கைக்குக்கூடக் குளிர் பிடிக்கவில்லை. குளிருக்கும் நல்ல இடத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் ஆசை போலிருக்கிறது. இது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. நான் உட்பட. ஊரைத் திட்டுகிறவன் தன்னைத் தப்பவிடக் கூடாது.

அந்த வருஷமும் மரவெட்டிகள் ஜனவரி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். ஞாயிறு நண்பகல் ஆட்டம். அன்று பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி இருக்கும் என்று வானிலைக்காரர்கள் சொன்னார்கள். நாலாயிரம் டிக்கெட் விற்காமல் கிடந்தது. டேரிலின் குண்டு ஆடாமல் எவனும் வாங்கமாட்டேன் என்றான். அப்போதெல்லாம் ஒரு விதி உண்டு: ஆட்டத்துக்கு எழுபத்திரண்டு மணி நேரம் முன்னால் எல்லா டிக்கெட்டும் தீர்ந்திருக்க வேண்டும். வியாழன் நண்பகலுக்குள் தீரவில்லையென்றால் ஊர் டிவியில் ஆட்டம் வராது. உலகம் முழுக்கப் பார்க்கும், மார்ல் ஹார்பர் மட்டும் இருட்டுத் திரையைப் பார்க்கும்.

இதில் உயிர் போகிற அவஸ்தை என் சிநேகிதன் வென்டல் குஸ்னியாக்குக்குத்தான். முப்பத்தொரு வருஷம் ஒரு ஆட்டம் தவறாமல் இருபத்திமூன்றாம் பிரிவில், பத்தொன்பதாம் வரிசையில், ஏழாம் எட்டாம் இருக்கைகள் அவனுடையவை. கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் கூரையிலிருந்து பனி தள்ள ஏறி, வழுக்கி விழுந்து, இரண்டு இடத்தில் கால் முறிந்து கட்டிலில் கிடந்தான். டிவிதான் அவனுக்குக் கதி. அவனும் ஆள் விட்டு டேரிலிடம் குறி கேட்டு, இரண்டு டிக்கெட்டையும் பத்துப் பத்து டாலருக்குக் கொடுத்துவிட்டிருந்தான். அது அவன் மனைவி பெர்னடெட்டுக்குத் தெரிய வந்த நாளில் நான் அங்கேதான் இருந்தேன்.

"பத்து டாலருக்கா கொடுத்தே? முப்பத்தொரு வருஷமா வச்சிருந்த இடத்தை?"

"கால் உடைஞ்சதே அந்த இடத்தாலதான், பெர்னி."

"கால் உடைஞ்சது கூரையால. ஐஸ் கட்டியிருக்கு, ஏறாதேன்னு சொன்னேன். ஏரி சொன்னா நம்புவே, பொண்டாட்டி சொன்னா நம்ப மாட்டே."

வென்டல் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். நான் காப்பிக் கோப்பைக்குள் பார்வையைப் போட்டுக்கொண்டேன். ஏனென்றால் அந்த ஏழாம் எண் டிக்கெட் அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது. குளிர் இறக்கியது, முந்நூறு டாலர். யாருடைய இடம் என்று தெரிந்தேதான் வாங்கினேன். நல்ல இடம் கிடைத்தால் நட்பாவது ஒன்றாவது.

பெர்னடெட்தான் ஸ்டேடியத்தில் பனி வாருகிறவர்களுக்குத் தலைவி. எங்கள் ஊரில் பெரிய பனி விழுந்தால் மறுநாள் காலை ஐந்நூறு பேர் மண்வாரியோடு வந்து இருக்கைகளைத் தோண்டி எடுப்போம். கூலி உண்டு, ஆனால் அதற்காக யாரும் வருவதில்லை. செவ்வாய் இரவு இரண்டடி பனி விழுந்தது. புதன் காலை போய்ப் பார்த்தால் படி இல்லை, வரிசை இல்லை, எண் இல்லை. ஸ்டேடியம் முழுக்க வெள்ளைச் சரிவு.

அதே காலையில் டிக்கெட் மேனேஜர் டேரிலை அழைத்து வந்திருந்தார். மொத்த ஸ்டேடியத்துக்கும் ஒரே தடவையில் குளிர் இறக்குவது, அதைப் பார்த்த ஜனம் மறுநாள் நண்பகலுக்குள் டிக்கெட்டை அள்ளுவது என்று திட்டம். அதற்கு டேரிலுக்கு எவ்வளவு என்று மேனேஜர் சொல்லவில்லை. தண்ணீர்ப் பெட்டி விற்றிருந்தால் அவ்வளவு வந்திருக்காது என்று மட்டும் தெரிந்தது. டேரில் தூண்டிலும் மீன் வாளியுமாக நடுவில் நின்று கண்ணை மூடினார். ஐந்நூறு பேரும் குல்லாவைக் கழற்றினோம். பெர்னடெட் விசில் ஊதினாள்.

"ஒரு நிமிஷம், டேரில். இருபத்திமூணாம் பிரிவுல பாதிக்கு மேல நீ குளிர் இறக்கி வித்துட்டே. இன்னும் அஞ்சு இருக்கைக்கு இருக்குன்னு ஸ்டாஸ் கடையில நீ ஒட்டியிருக்கிற பட்டியல் சொல்லுது. எங்க ஆளுங்க இன்னும் அங்க கை வைக்கல. அந்த அஞ்சையும் கொடி நட்டுக் காட்டிடு."

டேரில் சிரித்தார். "முதல்ல பனியை வாருங்க. நம்பர் தெரியணுமில்ல?"

"குளிருக்கு எதுக்கு நம்பர்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். டேரில் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, பனி மூடியிருந்தால் சத்தம் கேட்காது, இதெல்லாம் உனக்குப் புரியாது என்றார்.

"மூணடி ஐஸுக்குக் கீழ கிடந்தப்ப குளிர் பேசினது உனக்குக் கேட்டுச்சு. ரெண்டடி பனிக்கு மேல நின்னா கேக்காதா?"

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, கொஞ்சம் சீக்கிரம் காட்டிவிடுங்கள் என்று கெஞ்சினார். டேரில் முழங்கால் புதையச் சரிவில் ஏறினார். குண்டு ஆடியது, சுற்றியது. ஒவ்வொரு தடவையும் அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல். ஐந்து ஆரஞ்சுக் கொடிகளை நட்டார். என் பக்கத்தில் நின்றவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு தோண்டினோம். பனியைத் தள்ளிவிடப் படிகளில் சாய்த்து வைத்த மரச் சறுக்குகளில் அது கீழே வழிந்து போயிற்று.

முதல் கொடிக்குக் கீழே இருக்கை இல்லை. நடைபாதைப் படிக்கட்டு. இரண்டாவது கொடிக்குக் கீழேயும் அதே படிக்கட்டு. கால் வைக்கிற கான்கிரீட்டுக்கும் பேய்க்குளிர் பிடித்திருந்தது பாவம். மூன்றாவது கொடி பட்டியலிலேயே இல்லாத ஒரு இருக்கையில். நாலாவது, தீயணைப்புத் தலைவர் ஹேங்க் முந்நூறு கொடுத்து, டேரில் கையாலேயே குளிர் இறக்கி வாங்கிய இருக்கையில். ஐந்தாவது கொடிக்குக் கீழே நான்தான் தோண்டினேன். எண் தெரிந்ததும் எனக்கு வியர்த்தது. பத்தொன்பதாம் வரிசை, ஏழு.

டேரில் அசரவில்லை. "நகர்ந்திருக்கு" என்றார். "பனி விழுந்தப்ப குளிர் இடம் மாறிடுச்சு."

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். ஆமாம், பனி விழுந்தால் மாறத்தானே செய்யும், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று ஒருவர் சாட்சியே சொன்னார். ஏமாற்றுகிறவன் ஒரு பொய் சொல்வதற்குள் ஏமாறுகிறவன் அதற்கு நாலு முட்டுக் கொடுத்துவிடுகிறான்.

பெர்னடெட்டும் தலையாட்டினாள். "சரி, மாறிடுச்சுன்னே வச்சுப்போம். அப்ப நீ குளிர் இறக்கி வித்த இடத்துக்கும் திரும்பி வந்திருக்கு. ஒண்ணு, உனக்குக் குளிரைக் கண்டுபிடிக்கத் தெரியல. இல்ல, இறக்கத் தெரியல. எதுன்னு நீயே சொல்லு. எதுவா இருந்தாலும் முந்நூறு கொடுத்தவங்க கையைத் தூக்குங்க."

முதலில் ஹேங்க் கையைத் தூக்கினார். பெரிய கை. அப்புறம் பத்து, அப்புறம் நாற்பது. கடைசியில் என்னுடையது. ஹேங்க் மெதுவாகப் படியிறங்கி வந்து, மீன் வாளியைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று மரியாதையாகக் கேட்டார். வாளியில் மீன் இல்லை. ரப்பர் போட்ட டிக்கெட் கட்டுகள், ஐந்து கட்டு, எல்லாம் நடுக்கோட்டுக்கு நேர் எதிர். தாம் இதை ஒருபோதும் நம்பவில்லை என்று மேனேஜர் அந்த நிமிடத்தில் கண்டுபிடித்தார். டேரில் பணத்தை எண்ணித் திருப்பிக் கொடுக்கிறவரை ஹேங்க் அவர் தோளில் கையை வைத்தபடியே நின்றார். அவருக்குக் குளிர் பிடித்துவிடாமல் இருக்கத்தான்.

எட்டாம் எண் டிக்கெட் வாளியிலேயே கிடைத்தது. ஏழாம் எண்ணை நான் நீட்டினேன். பெர்னடெட் எண்ணைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"வென்டலோட இடம்னு தெரியுமா?"

"தெரியும்."

"அதை அவன்கிட்ட நீயே போய்ச் சொல்லு."

டேரில் பட்ட அவமானமெல்லாம் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். போய்ச் சொன்னேன். வென்டல் போர்வையை விலக்கி என்னைப் பார்த்தான். தான் பத்து டாலருக்குக் கொடுத்ததை நான் முந்நூறுக்கு வாங்கினேனென்றால் எங்களில் பெரிய முட்டாள் யாரென்று தீர்ந்துபோயிற்று என்றான். ஞாயிறன்று அவன் இடத்தில் நானே போய் உட்கார வேண்டும், தன் காலுக்குப் பதில் என் காலாவது உறையட்டும் என்று தண்டனையும் கொடுத்தான்.

கூட்டம் டிக்கெட் ஜன்னலுக்கு ஓடியது. வியாழன் பதினொன்றே முக்காலுக்குக் கடைசி டிக்கெட் போயிற்று. ஞாயிறன்று ஊர் டிவி எல்லாவற்றிலும் ஆட்டம் வந்தது.

பெர்னடெட்டும் நானும் ஏழிலும் எட்டிலும் உட்கார்ந்தோம். காலுக்குக் கீழே குளிர்சாதனப் பெட்டியைக் கட்டி வந்த பழைய அட்டை. கான்கிரீட்டின் குளிர் பூட்ஸ் வழியாக ஏறாமலிருக்க எங்கள் ஊரில் எல்லோரும் போடுவதுதான். கடைசி நாற்பது வினாடியில் மரவெட்டிகள் மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். நான் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். பெர்னடெட்டின் போன் அடித்தது. வென்டல்தான். அவன் குரல் எனக்கே கேட்டது.

"பெர்னி, டிவில உன்னைக் காட்டினாங்க. கடைசி நாப்பது செகண்டுல இடது காலை அட்டை மேல தூக்கி வச்சிருந்தே. அந்த அட்டையாலதான் ஜெயிச்சோம். அதைத் தூக்கிப் போட்டுடாதே, மடிக்காம வீட்டுக்குக் கொண்டு வா."

அவள் பதில் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு கை தோளைத் தட்டியது. இருபது டாலர் நோட்டு. அட்டையில் ஒரு துண்டு, சின்னதாக இருந்தாலும் போதும். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் பர்ஸைத் திறந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் தீயணைப்புத் தலைவர் ஹேங்க்.

பெர்னடெட் அட்டையைக் காலாலேயே அவர்கள் பக்கம் தள்ளினாள்.

"ஃப்ரிட்ஜ் விக்கிற கடைக்குப் பின்னாடி இதே மாதிரி அம்பது சும்மா கிடக்கு, போய் எடுத்துக்குங்க. காலுக்குக் கீழ போட்டா கதகதன்னு இருக்கும். தலைக்குள்ள போட்டு வச்சீங்கன்னா, அடுத்த டேரில் வர்றதுக்கு அவன் ஏரியில விழக்கூட வேண்டாம்."