பின்னால் போகாத பிளசர்

திண்டுக்கல்,
ஆடி மாதம், 1959.

மாமா உடையப்பன் அவர்களுக்கு,

நம் பிளசர் காரின் ரிவர்ஸ் கியரை உடைத்தது நீங்கள்.

நலம் விசாரித்துவிட்டுத்தான் இதை எழுதியிருக்க வேண்டும். கை முந்திக்கொண்டது. உங்கள் அக்காள் மகன் நல்லுசாமி, கார் ஒன்றைத் தவிர, இங்கே சுகம். அங்கே நீங்களும் அத்தையும் உங்கள் மகள் ராமுத்தாயும், உங்கள் பஞ்சாயத்து பிரசிடெண்ட் பதவியும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பதாக நம்புகிறேன்.

உங்கள் கார்டு வந்தது. கவரில் போட்டிருக்கலாம். கார்டு என்பதால் தபால்காரர் படித்து, டீக்கடைக்காரர் படித்து, டாக்ஸி ஸ்டாண்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டு, எல்லோருக்கும் மனப்பாடம் ஆன பிறகுதான் என் கைக்கு வந்தது. கீழத்தெரு ஆட்களோடு சேர்ந்துகொண்டு நானே கியரைக் கழற்றி ஒளித்துவிட்டேனாம். ஆடி முடிவதற்குள் கார் பின்னால் போக வேண்டுமாம். போகாவிட்டால் சாவியை உங்கள் கையில் கொண்டுவந்து வைக்க வேண்டுமாம். இன்டர்மீடியட் முடித்தவனை, வேலைக்குச் சிபாரிசு செய்கிறேன் என்று சொல்லி உங்கள் களத்தில் சோளம் காயப்போட வைத்து, பிறகு 'இதை டாக்ஸி ஓட்டிப் பிழைச்சுக்க' என்று இந்தக் காரைக் கொடுத்தீர்கள். ஆர்.சி. புத்தகம் உங்கள் பேரில், கிரீஸ் என் சட்டையில். சாவியை வாங்கிக்கொண்டால் நான் மறுபடி சோளத்துக்குத்தான் வர வேண்டும். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள்.

நான் கழற்றவில்லை. எப்படி உடைந்தது என்று சொல்கிறேன். சிறுமலைத் தோட்டத்துத் துரை கப்பலேறும் அவசரத்தில் உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன கார் இது. அப்போதே அது பாதி உலகம் சுற்றிய கார். மைல் காட்டும் எண் ஒன்பதெல்லாம் முடிந்து திரும்பப் பூஜ்யத்துக்கு வந்திருந்தது. அதைப் பார்த்து 'புது வண்டி, ஓடவே இல்லை' என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். சரி, துரை கொடுத்தபோது கியர் நன்றாகத்தான் இருந்தது. வந்த அன்றே ஜோசியரைக் கேட்டு, வீட்டை விட்டுக் கிளம்பும்போது காரின் முகம் கிழக்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தீர்கள். மேலத்தெருவில் கார் திரும்ப இடம் கிடையாது. ஆகவே ஒவ்வொரு முறை ஊருக்குள் வரும்போதும், பிள்ளையார் கோவில் முனையிலிருந்து உங்கள் வாசல் வரை, தெரு முழுக்கப் பின்னாலேயே வந்தது கார். கோழி கத்தும், பிள்ளைகள் ஓடும், பின்னால் யாராவது ஒருவர் நின்று 'வரலாம், வரலாம்' என்று கத்துவார். முன்னால் போன மைலுக்குக் கிட்டத்தட்டச் சமமாகப் பின்னாலும் போன கார் இந்த ஜில்லாவில் அது ஒன்றுதான்.

அதையாவது கியர் தாங்கியிருக்கும். எலக்‌ஷன் வந்ததே, அதைத்தான் தாங்கவில்லை. ஓட்டுக் கேட்கக் கீழத்தெருவுக்குப் போக வேண்டும். ஆனால் டயர் உள்ளே படக்கூடாது. அந்தத் தெருவைத் தாண்டினால் பெரிய திடல், லாரியே திரும்பும். அதற்குத் தெருவுக்குள் நுழைய வேண்டுமே! ஆகவே மேலத்தெருவின் கடைசி வேப்பமரம் வரைக்கும் வந்து, அங்கேயே நிறுத்தி, மேல்படுதாவை மடித்துவிட்டுக் காருக்குள் எழுந்து நின்று கும்பிட்டு, கும்பிட்டபடியே பின்னால் போனீர்கள். தினமும். கும்பிட்டுக்கொண்டே தூரமாகிப் போன வேட்பாளரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கீழத்தெருவில் ஒரு கிழவர் என்னைக் கேட்டார்: "ஏப்பா, ஒங்க மாமன யாரு புடிச்சு இழுத்துட்டுப் போறது?" ஜெயித்த பிறகு நன்றி சொல்லவும் அதே வேப்பமரம்தான். நன்றி சொல்லிவிட்டுப் பின்னால் போகும்போதுதான் கியர் பெட்டிக்குள் கடகடவென்று சத்தம். ஓட்டியது நான், ஓட்டச் சொன்னது நீங்கள். ஓட்டுப் போட்டது அவர்கள்.

பேகம்பூர்ப் பட்டறையில் கிதர் முகம்மது பெட்டியைத் திறந்தார். கியர்ப் பற்களைப் பொறுக்கி ஒரு பேப்பரில் போட்டு, பொட்டுக்கடலை மாதிரி என் கையில் கொடுத்தார். "தம்பி, முன்னால போற கியரெல்லாம் புதுப்பொண்ணு மாதிரி இருக்கு. இது ஒண்ணு மட்டும் எப்புடி இப்புடித் தேஞ்சுச்சு? வண்டிய வச்சு என்னதான் பண்ணுனீங்க?" என்றார். சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு, "இந்த கியரு எங்கயும் கெடைக்காது. இந்த மாடல நிப்பாட்டி ரொம்ப நாளாச்சு. அந்தக் கம்பெனிக்காரன் இப்ப பிஸ்கட் டின்னு செய்யறான்" என்றார். அவர் சொல்வதில் பாதி அளப்பு. ஆனால் மற்றப் பாதிக்கே நான் அலைந்த அலைச்சல் போதும்.

மதுரைப் பழைய இரும்புக் கடைகளில் ஒன்றைக்கூட விடவில்லை. ஒருவன் "இதேதாண்ணே, சத்தியமா இதேதான்" என்று தலையில் அடித்துக் கொடுத்ததைக் கொண்டுவந்து பார்த்தால், அது ஏதோ கரும்பாலையின் சக்கரம். மெட்ராஸில் மவுண்ட் ரோட்டுக் கம்பெனி ஒன்றுக்கு எழுதினேன். இங்கிலீஷில் அழகான பதில் வந்தது: அந்த மாடலுக்குச் சாமான் வருவதில்லை, சீமையிலிருந்து தருவிக்க லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸுக்கு மனுப் போடும்போது இந்தப் பொருள் தேச வளர்ச்சிக்கு எந்த வகையில் அவசியம் என்று விளக்க வேண்டும். எங்கள் மாமா கீழத்தெருவுக்குள் நுழையாமல் திரும்புவதற்கு அவசியம் என்று எழுதவா? எழுதியிருந்தால், கையெழுத்துப் போடுகிற அதிகாரிக்கும் ஒரு மேலத்தெரு இருக்கும், ஒருவேளை கிடைத்துக்கூட இருக்கும்.

கீரனூரைத் தாண்டி ஒரு பழைய ஜமீன் வீட்டில் இதே மாடல் ஒன்று நிற்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். நின்றது. பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஜமீன் போய்விட்டாலும், காரியஸ்தர் இன்னும் போகவில்லை. "ஏனுங்க, எசமானுங்க வண்டியில கை வைக்க வுடுவமுங்களா? ஆயுத பூசைக்கு மாலை போடுற வண்டிங்க இது" என்றார். ஓடாத காருக்குக் கியர் எதற்கு என்று கேட்டேன். "கௌரவம் ஒண்ணு இருக்குதுல்லீங்க?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "உங்க வண்டியில என்ஜின் இருக்குதுங்களா? இருந்தா எசமானுங்க வெலைக்குக் கேப்பாங்க" என்றார். பானெட்டைத் திறந்து பார்த்தேன். உள்ளே வைக்கோல்.

இப்படியே மாதக்கணக்கில் முன்னால் மட்டும் போய்ப் பிழைத்தேன். வாடிக்கையாளரின் வீட்டைக் கொஞ்சம் தாண்டிவிட்டால் அடுத்த ஊருக்குப் போய்த்தான் திரும்பி வர வேண்டும். வேடசந்தூரில் ஒரு பருத்தி வியாபாரி, "என் வீடு அந்தா போகுதுப்பா, அந்தா போகுதுப்பா" என்று ஜன்னலில் தலையை நீட்டி அழாத குறை. அதற்குப் பிறகு அவர் என் காரில் ஏறுவதில்லை.

இப்போது வைகாசியில் நடந்த விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொந்தக்காரர்களிடம் இதை வேறு மாதிரி சொல்லிவருகிறீர்கள். கீழத்தெரு ராயப்பராஜ் இங்கே தோல் கிடங்கில் வேலை செய்கிறவன், எனக்குச் சிநேகிதன். அவனுக்கும் புஷ்பமேரிக்கும் திண்டுக்கல் மாதா கோவிலில் கல்யாணம் முடிந்து, ஊருக்கு என் காரில்தான் கிளம்பினார்கள். கூட அவன் தாயார் சவரியம்மாள். வழக்கப்படி அவர்களைக் குளத்துக்கரை முனையில் இறக்கிவிட்டுவிடலாம், கரை மேலே நடந்து போய்க்கொள்ளட்டும் என்றுதான் வந்தேன். பிரேக் மிதித்தேன். காரின் பிரேக்குக்கும் உங்கள் வயதுதான், மாமா, சொன்னதும் கேட்காது. கார் கரை முனையைத் தாண்டி, பிள்ளையார் கோவிலைத் தாண்டி, மேலத்தெருவுக்குள் முழுதாக நுழைந்த பிறகு நின்றது. அதற்குமேல் அது திரும்பவும் முடியாது, பின்னால் போகவும் முடியாது.

நீங்கள் எல்லோரும் வந்தீர்கள்.

"ஏலே நல்லு, யாரலே ஏத்திக்கிட்டு எங்கிட்டு வார? பின்னால எடுலே!"

"பின்னால போகாது மாமா. ஒங்களுக்கே தெரியும்."

"தள்ளுங்கடா!"

ஒருவரும் அசையவில்லை. உங்கள் பங்காளி வேலுசாமிதான் தலையைச் சொறிந்தார். "தள்ளலாம். உள்ள அவன் உக்காந்திருக்கான்ல? வண்டியத் தொட்டா அவனத் தொட்ட மாதிரிதான?"

"அப்ப எறங்கி நடக்கச் சொல்லு."

"எறங்குனா அவன் காலு நம்ம தெருவுல படுமே."

ராயப்பராஜ் இறங்கத்தான் கதவில் கை வைத்தான். முகத்தில் மாப்பிள்ளைக் களை போய், தோல் கிடங்கில் மேஸ்திரி கூப்பிட்டால் வரும் முகம் வந்துவிட்டது. அதை நான் கண்ணாடியில் பார்த்தேன். புஷ்பமேரி அவன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "நாம என்ன அவுக மடியிலயா உக்காந்திருக்கோம்? கார்லதான உக்காந்திருக்கோம்? பேசாம இருங்க" என்றாள். சவரியம்மாள் வெளியே எட்டிப் பார்த்து, "அய்யாமாருகளா, செத்த வெரசா முடிவு பண்ணுங்க. பொண்ணு விடிஞ்சதுலருந்து பச்சத் தண்ணி குடிக்கல. வெயிலு வேற மண்டையப் பொளக்குது" என்றாள்.

தொட்டால் தீட்டு, இறங்கினால் தீட்டு, நின்றாலும் தெருவில் நிற்பதே தீட்டு. கண்ணாடியை உடைக்கலாம் என்று ஒருவன் கல்லை எடுத்தான். உங்கள் கார் என்று நினைவு வந்ததும் நீங்களே அவன் கையைத் தட்டிவிட்டீர்கள். கடைசியில் வேலுசாமிதான் வழி சொன்னார்: "இப்பத் தெருவுல படுறது யாரு டயரு? பிரசிடெண்டு டயரு. அது எத்தன தடவ இந்தத் தெருவுல போயிருக்கு, வந்திருக்கு. அதுல என்ன தீட்டு? அவன் கால்தான் படக்கூடாது. படலையே!" எல்லோருக்கும் மூச்சு வந்தது. "ஆமாய்யா, டயரு நம்ம டயரு" என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டு ஒதுங்கினார்கள். இந்தத் தெருவுக்குச் சரளை அடித்தவர்களில் பாதிப் பேர் கீழத்தெரு. கல் பரப்பும்போது அவர்கள் கால் படலாம், பரப்பி முடித்த பிறகு படக்கூடாது. அதை அங்கேயே கேட்க வாயைத் திறந்தேன். புஷ்பமேரி, "ஓட்டுங்கண்ணே" என்றாள். ஓட்டினேன்.

கார் மெதுவாகத்தான் போயிற்று. வேகம் அதற்கு வராது. யாரும் குறுக்கே வந்து தொட்டுவிடக்கூடாதே என்று நீங்கள் முன்னால் கையை வீசி வழி விலக்கிக்கொண்டு நடந்தீர்கள். வேப்பமரத்தடியில் காத்திருந்த கீழத்தெரு ஆட்களுக்கு, பிரசிடெண்ட்டே முன்னால் நடந்து மாப்பிள்ளையை அழைத்து வருவதாகத் தெரிந்தது. மேளத்தை முழக்கிவிட்டார்கள். உங்கள் கழுத்தில் மாலை விழுந்தது அப்படித்தான். அது என் ஏற்பாடு இல்லை. மாடியிலிருந்து ராமுத்தாய் சிரித்தாளே, அதற்கும் நான் பொறுப்பில்லை. அவர்களை இறக்கிவிட்டு, திடலில் திரும்பி வந்தபோது டயர்களுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றச் சொன்னீர்கள். ரேடியேட்டர் கொதிக்கிறது, அதற்கு ஒரு செம்பு கொடுங்கள் என்றேன். அதற்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டீர்கள்.

இதுதான் நடந்தது. இதில் நான் எதைக் கழற்றினேன்? எதை ஒளித்தேன்? இப்போது உங்களுக்கு அவசரமாக ரிவர்ஸ் கியர் வேண்டும். ஏன் என்று எனக்குத் தெரியும். பின்னால் போகிற காரென்றால் 'பின்னால எடு' என்று சொல்லிவிடலாம். வேலுசாமியின் தீர்ப்பு செல்லாது. ஆனால் எங்கே போய் வாங்கச் சொல்கிறீர்கள்? செய்கிறவன் செய்வதை நிறுத்திவிட்டான், வைத்திருக்கிறவன் வைக்கோலோடு பூட்டி வைத்திருக்கிறான், தருவிக்கலாம் என்றால் லைசென்ஸ் இல்லை. இந்தப் பூமியில் அந்தக் கியர் கிடையாது. உங்கள் மருமகன் மேல் இரக்கம் வைத்து, சாவியை என்னிடமே விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அத்தையின் முழங்கால் வலி குறையட்டும். சோளம் நல்ல விலைக்குப் போகட்டும். ராமுத்தாய்க்கு என் அன்பு. அவள் சிரித்ததற்காகத் திட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிந்த மருமகன்
நல்லுசாமி

பின்குறிப்பு: கியர் கிடைத்துவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் புதிதாகவே கடைந்து கொடுத்துவிட்டார்கள். நேற்று கிதர் முகம்மது மாட்டிப் பார்த்தார். கார் வெண்ணெயில் வழுக்குவது போல் பின்னால் போயிற்று. உடனே கழற்றச் சொல்லிவிட்டேன். ஆகவே முன்னே நான் செய்யாததை இப்போது செய்திருக்கிறேன். உங்கள் கார்டு கொஞ்சம் முந்திப் பிறந்துவிட்டது, அவ்வளவுதான். ஆவணி முகூர்த்தங்களுக்கு நம்மூரிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள கீழத்தெருக்காரர்கள் வரிசையாக வந்து கேட்கிறார்கள். "பின்னால போகாத வண்டி இதுதானண்ணே?" என்று ஒருமுறைக்கு இருமுறை உறுதிப்படுத்திக்கொண்டுதான் முன்பணம் கொடுக்கிறார்கள். சாவி வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்; கியர் வேண்டுமென்றால் இந்தக் கேள்விக்கு ஒரு வரி பதில் எழுதுங்கள், கார்டிலேயே எழுதுங்கள், ஸ்டாண்டில் எல்லோரும் படிக்கட்டும். கார் வேண்டாம், மேளம் வேண்டாம், சும்மா ஒரு சாயங்காலம் புஷ்பமேரி கடைக்குப் போய் உப்பு வாங்கிக்கொண்டு அந்தத் தெரு வழியாகத் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போகலாமா, கூடாதா?