லோரிக்கு 1, நடைக்கு 2

மனித குலத்தைச் சரியாகப் பிரிக்கும் வழி கடைசியில் கேமரன் மலையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இத்தனை காலமும் உலகம் மனிதர்களைச் சாதி என்றும் மதம் என்றும் பிரித்துவைத்து அடித்துக்கொண்டது. பிரிஞ்சாங்குக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டமோ ஒரே காலையில், ஒரு சண்டை சச்சரவும் இல்லாமல், மனிதர்களை இரண்டாகப் பிரித்துவிட்டது. லோரியில் மலை ஏறுகிறவர் 1. நடந்து ஏறுகிறவர் 2.

இந்தச் சாதனையைக் கணினியில் ஏற்றும் பாக்கியம் கத்தரீனுக்குக் கிடைத்தது. அவள் தோட்டத்து ஆபீஸ் கிராணி. பன்னிரண்டு வருடமாகக் கொழுந்து எடைப் புத்தகம் எழுதுகிறாள். ஒரு நூறு கிராமைக்கூட ஏற்றியோ இறக்கியோ எழுதியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அவள் புருஷன் டெரன்ஸ்தான் அந்த லோரிக்கு டிரைவர்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து கொழுந்து பறிக்கும் மலைக்கு நாலு கிலோமீட்டர் செங்குத்து ஏற்றம். தினமும் காலையில் இருபத்துநான்கு பெண்களை லோரி ஏற்றிப் போகும். அந்த லோரி தேவைதானா என்று ஒரு நாள் தோட்ட மேனேஜர் டொனால்ட் துரைக்குச் சந்தேகம் வந்தது. பழைய துரைமாராக இருந்தால் சந்தேகம் வந்த அன்றே நிறுத்தியிருப்பார்கள். டொனால்ட் துரை நவீனமானவர். நிறுத்துவதற்கு முன்னால் ஆராய்ச்சி செய்வார்.

அதற்காகவே தலைநகர் கே.எல்.லிலிருந்து புவனேஷ் என்ற ஆலோசகர் ஒரு லேப்டாப்போடு வந்து இறங்கினார். பன்னிரண்டு பெண்கள் பத்து நாள் லோரியில் போகவேண்டும். பன்னிரண்டு பேர் நடக்கவேண்டும். பறிக்கும் கொழுந்தின் எடையில் வித்தியாசம் இல்லையென்றால் லோரி இல்லை.

"ரெண்டு குழுவுக்கும் ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமே இருக்கக் கூடாது. அதான் ரூல்," என்றார் புவனேஷ்.

"சார், புனிதா லோரி, ரமணி நடை. ரெண்டு பேரும் நாத்தனாருங்க. ஒரே வீடு."

"சாஃப்ட்வேருக்கு வீடெல்லாம் தெரியாதும்மா."

பத்து நாள் முடிந்தது. கத்தரீன் எடைப் புத்தகத்தில் இருந்தபடியே லோரிக்காரர்களை இடது பக்கமும் நடைக்காரர்களை வலது பக்கமும் பதிந்துவைத்தாள். புவனேஷ் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"இப்படிப் போட்டா இது ஜோடி ஜோடியா நெனச்சுக்கும். எல்லா எடையும் ஒரே வரிசையில, மேலேருந்து கீழ. பக்கத்து வரிசையில 1, இல்லன்னா 2. அவ்வளவுதான் லா."

"பேரு எங்க சார் போடறது?"

"பேரு எதுக்கு?"

எத்தனை பெரிய உண்மை. பெயர் இருந்தால் முகம் ஞாபகம் வரும், முகம் வந்தால் முழங்கால் ஞாபகம் வரும், ஆராய்ச்சி கெட்டுப்போகும். ரமணிக்கு மூட்டு ஆப்பரேஷன் ஆகி ஆறு மாதம்தான் ஆகிறது. கத்தரீன் அவளுடைய பத்து நாள் சராசரியைப் போட்டு, பக்கத்தில் 2 என்று தட்டினாள்.

தட்டும்போதுதான் அவளுக்கு இடித்தது. நடந்து வருகிறவர்கள் மலைக்குப் போய்ச் சேரவே எட்டாகிவிடும். ஒரு மணி நேரம் போச்சு. ஆனால் எடை மட்டும் எப்படிச் சரிக்குச் சரியாக இருக்கிறது? சாயங்காலம் புனிதாவைப் பிடித்துக் கேட்டாள்.

"லோரியில போன நாங்கதான் போட்டோம்க்கா. எடைக்குப் போறதுக்கு முன்னாடி, கொறஞ்ச கூடையில ஆளுக்கு ரெண்டு பிடி. எப்பவும் செய்யறதுதானே?"

எப்பவும் செய்வதுதான். காய்ச்சல்காரிக்கும் கர்ப்பிணிக்கும் அந்த மலையில் யாரும் கேட்காமலே கூடை நிறையும். அந்த நேரம் பார்த்துக் கங்காணி கருப்பையா வெற்றிலை போடத் திரும்பிக்கொள்வார். இந்தப் பத்து நாளும் அவர் நிறைய வெற்றிலை போட்டிருக்கிறார்.

டெரன்ஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டு லோரிச் சாவியை மேசைமேல் வைத்தான்.

"ரெண்டாம் நம்பர்காரங்களுக்கு ஆளுக்கு அஞ்சு கிலோ கொறச்சுப் போடு லா. உண்மையா அவங்க பறிச்சது அவ்வளவுதானே?"

"புத்தகத்துல இருக்கறதத்தான் போடுவேன். நடந்தத வாயால சொல்றேன். படிச்சவங்க, புரிஞ்சுக்குவாங்க."

படித்தவர்கள் புரிந்துகொண்டார்கள். லோரிக் குழு 38.4 கிலோ, நடைக் குழு 38.1. துரை கூட்டிய கூட்டத்தில் மென்பொருள் 0.83 என்று திருவாய் மலர்ந்தது. 0.05க்குக் கீழே வந்தால்தான் வித்தியாசம் என்று புவனேஷ் விளக்கினார். கத்தரீன் எழுந்து, இரண்டு பிடி வழக்கத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அதுக்கு இதுல கட்டம் இல்லையே," என்றார் புவனேஷ்.

துரைக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "அருமையான விஷயம் கத்தரீன். அதையும் ரிப்போர்ட்ல சேத்துடுங்க."

சேர்த்தார்கள். 'முடிவு ஒன்று: லோரியால் பயனில்லை. முடிவு இரண்டு: நடைப்பயணம் தொழிலாளர்களிடையே கூட்டு மனப்பான்மையை வளர்க்கிறது.' திங்கட்கிழமை முதல் இருபத்துநான்கு பேரும் கூட்டு மனப்பான்மையோடு நடந்தார்கள். டெரன்ஸ் கோலா தெர்லாவில் முட்டைக்கோசு லோரி ஓட்டப் போனான். முட்டைக்கோசு நடந்து போகலாமா என்று இதுவரை யாரும் ஆராயவில்லை.

ஒரு மாதத்தில் எடை முப்பத்தொன்றுக்கு இறங்கியது. எல்லோருமே இரண்டாம் நம்பர் ஆகிவிட்டதால் யார் கையிலும் உபரியாக ஒரு பிடி இல்லை. ஒரு மழைநாளில் ரமணி மேட்டு வளைவில் சறுக்கி, அதே முழங்காலில் விழுந்தாள். இனி கூடை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்க்கப் போன கத்தரீனுக்கு அவள் தேநீர் போடச் சொன்னாள். ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் கத்தரீனுக்குத் தாங்கவில்லை. பன்னிரண்டு வருட நேர்மையின் மேல் அவளுக்கு முதல் முறையாக ஆத்திரம் வந்தது.

எடை ஏன் குறைந்தது என்று ஆராய மறுபடியும் கூட்டம். மறுபடியும் புவனேஷ். தொழிலாளர்களிடம் உற்சாகம் போதவில்லை என்று அவர் வந்த பத்தாவது நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"உற்சாகம் உள்ளவங்க 1, இல்லாதவங்க 2. கத்தரீன், புதுசா ஒரு ஃபைல் திறங்க."

"ஏற்கெனவே ஒண்ணு போட்டு வச்சிருக்கேன் சார்."

"அட, பரவாயில்லையே. யார் யாரை ஒப்பிட்டீங்க?"

"நம்ம ஆபீசருங்களத்தான். துரையோட சேத்து பதினோரு பேரு. வண்டியில மலைக்கு வர்றவங்க 1, நடந்து வர்றவங்க 2. பக்கத்துல ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை பாக்கறாங்கன்னு போட்டேன்."

துரை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். புவனேஷ் மட்டும் தொழில் ஆர்வத்தில் கேட்டுவிட்டார்.

"என்ன ரிசல்ட் வந்துச்சு?"

"வரல சார். ரெண்டாவது குழு காலியா இருக்கு, கணக்குப் போட முடியாதுன்னு சொல்லிடுச்சு." கத்தரீன் எடைப் புத்தகத்தைத் திறந்து, பேனாவை எடுத்துக்கொண்டாள். "பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன். நாளைக்குக் காலையில யாரு நடக்கறீங்க?"