ரிசர்வ் சைட்டில் ஒரு நாற்காலி

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா. சுவரில் சாய்ந்துகொள்ளுங்க. ஓர் ஆளின் கதை சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம், அவர் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை.

பொள்ளாச்சி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு லேஅவுட். அங்கே ஒரு காலையில் பங்காரு தன் வீட்டுக் கேட்டைத் திறந்தால், எதிர்க்காட்டில் போர்டு நிற்கிறது. 'இந்த இடம் விற்பனைக்கு.' கீழே புரோக்கர் தம்பிதுரையின் போன் நம்பர்.

காடு என்றால் பெரிய காடில்லை. ஓர் ஊஞ்சமரம், சில வேலாமரங்கள், ஒரு புற்று, விடிந்தால் கத்துகிற மயில்கள். லேஅவுட் போட்டபோதே பார்க்குக்கென்று விட்ட ரிசர்வ் சைட் அது என்று வீடு கட்டிய மேஸ்திரி கை காட்டியிருந்தார். பார்க் வந்தால் பெஞ்சு போடுவார்கள் என்று பங்காருவின் மனைவி ராமாமணி ஆசையாகக் காத்திருந்தாள். பெஞ்சு வரவில்லை. மில் வேலையிலிருந்து ரிட்டையரான பங்காரு, சாயங்காலமானால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிப் போய் ஊஞ்சமர நிழலில் போடுவார்.

ராமாமணி போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டையும்தான் தூக்கிப் போனார். ஒன்றை மட்டும் தூக்கினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று புனேயில் இருக்கும் மகளிடம் சொன்னார். இரண்டாவது நாற்காலியில் மயில் எச்சம் போட்டது. வேறு யாரும் வரவில்லை.

அந்த நிழலும் போய்விட்டால்? தம்பிதுரைக்குப் போன் போட்டார்.

"அது பார்க் இடமுங்க தம்பி."

"பார்க்குன்னா ஊஞ்சல் எங்கீங்க, சறுக்கு எங்கீங்க? ஓனரத் தேடிக்கிட்டு இருக்கறேனுங்க. கெடைக்கலீன்னா நானே ஓனருங்க."

பங்காரு கடைக்குப் போய் மஞ்சளும் குங்குமமும் வாங்கி வந்தார். புற்றுக்கு அப்பினார். ஊஞ்சமரத்தில் ஒரு மஞ்சள் துணியையும் கட்டிவிட்டார். அடுத்து இடம் பார்க்கக் காரில் வந்தவர்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, விலை கேட்காமலே திரும்பிப் போனார்கள்.

வந்தது வெள்ளிக்கிழமை. பாலும் முட்டையுமாகப் பெண்கள் வந்துவிட்டார்கள். பூக்கூடையோடு வந்த பூவாத்தாள் நிழலைப் பார்த்து நின்றாள்.

"ஏனுங்கண்ணா, இந்தச் சேர்ல ஆராச்சும் உக்காருவாங்களா?"

பங்காரு மயில் எச்சத்தைத் துண்டால் துடைத்தார். "இல்லீங்க அம்மணி. உக்காருங்க."

அன்றைக்கே அவர் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வார்? பூவாத்தாள் தன் மருமகளைப் பற்றி, முட்டிவலியைப் பற்றி, மல்லிகை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே பூக் கட்டினாள். பேச்சு நின்றுவிடக் கூடாதே என்று, புற்றில் பொன்னிற நாகம் இருக்கிறது, நானே பார்த்தேன் என்று எடுத்துவிட்டார். அங்கே குடியிருந்தது ஓர் ஓணான்.

பொன் நாகம் என்றதும் உடுமலைப்பேட்டையிலிருந்து வேன் வந்தது. வேனுக்குப் பின்னால் நெற்றி நிறைய விபூதியோடு தம்பிதுரை வந்தான். இப்போது அவன் புரோக்கர் இல்லை, கோயில் கமிட்டித் தலைவர். மரமெல்லாம் வெட்டி, தரைக்குக் கான்கிரீட் போட்டு, ஷீட் கூரையோடு மண்டபம் கட்டப்போகிறானாம். பொக்லைனுக்கும் சொல்லியாகிவிட்டது.

"ஊஞ்சமரம்?" என்றார் பங்காரு.

"வேன் நிறுத்த எடம் வேணுமில்லீங்களா. நீங்க கவலப்படாதீங்க, நீங்கதான் பூசாரி."

பங்காரு கூட்டத்தின் நடுவில் நின்று ஒப்புக்கொண்டார். நாகமும் இல்லை ஒன்றும் இல்லை, மஞ்சள் பூசியது நான்தான் என்றார். கூட்டம் அவரை ஒரு நொடி பார்த்தது. பிறகு ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"உங்க கையால பூசச் சொன்னதே நாகாத்தாதானுங்க சாமி."

அதோடு அவர் காலிலும் விழ ஆரம்பித்தார்கள்.

வேறு வழியில்லாமல் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதினார். இது பார்க் இடம், அளந்து வேலி போட்டு மரத்தைக் காப்பாற்றுங்கள் என்று. விஷயம் தெரிந்ததும் கும்பிட்ட கைகள் இறங்கிவிட்டன. பூவாத்தாள் கூடையைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் போய்த் தரையில் உட்கார்ந்தாள். மல்லிகை விலைகூடச் சொல்லவில்லை. ஊஞ்சமரத்தடியில் மறுபடியும் பங்காருவும் ஒரு காலி நாற்காலியும்தான்.

சர்வேயர் மதிவதனி வந்தாள். சங்கிலி பிடிக்க ஆறுச்சாமி. லேஅவுட் மூலைக் கல்லிலிருந்து அளந்தார்கள். சந்தேகம் வந்து திரும்பவும் அளந்தார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் பொக்லைன் உறுமிக்கொண்டு நின்றது.

"ஐயா, இது பார்க் இடமில்லீங்க. தனியார் சைட்டுங்க," என்றாள் மதிவதனி.

தம்பிதுரைக்கு முகமெல்லாம் பல். பங்காரு பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். மரமும் போயிற்று, மனிதர்களும் போனார்கள். பூவாத்தாளுக்கே மனசு கேட்காமல் எழுந்து கிட்டே வந்தாள். மதிவதனி எதிர்ப்பக்கம் பங்காருவின் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு வந்த ஆறுச்சாமி இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் வேர்வையைத் துடைத்தார்.

"எதுக்குங்க கலங்கறீங்க? இந்தக் காடு உங்க பேர்ல இருக்கற சைட்டுதானுங்க, மேஸ்திரி ரோட்டுக்கு இந்தப் பக்கம் கட்டறத அந்தப் பக்கம் கட்டிப்போட்டாரு. நீங்க குடியிருக்கற ஊடுதானுங்க பார்க்கு, அங்க ஆரு வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் வந்து உக்காரலாமுங்க."

உங்கள் வீட்டிலும் எப்போதும் ஒரு நாற்காலி கூடுதலாகக் கிடக்கட்டும் கண்ணுகளா. அது ஒரு நாளும் காலியாகக் கிடக்காமல் இருக்கட்டும்.