ஹெல்மெட்டுக்குச் சர்க்கரை

கிரேன் ஓட்டுநர் தன் ஹெல்மெட்டைக் கழற்றி மூட்டை தூக்குபவன் தலையில் வைத்தார். லொடலொடவென்று ஆடியது. உள்ளே கைக்குட்டையைச் செருகினார்.

"விரலை மட்டும் நீட்டு. வாயைத் திறக்காதே."

நாட்டில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணக்கெடுக்க வந்த நர்ஸ், சிமென்ட் கிடங்கின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். எல்லோரையும் அல்ல, குலுக்கலில் வந்த எண்களை மட்டும் கூப்பிட்டாள். ஓட்டுநரின் எண்ணும் வந்திருந்தது. அந்தக் கிடங்கில் ஆளுக்குப் பெயரை விட எண் முக்கியம். முகமூடியும் சிமென்ட் தூசியுமாக எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தது போல நிற்பார்கள். பெற்ற தாயே வந்தாலும் ஹெல்மெட்டின் எண்ணைப் பார்த்துத்தான் பிள்ளையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

சர்க்கரை இருந்தால் கிரேன் ஏறக் கூடாது, வாசலில் காவலுக்கு உட்கார வேண்டியதுதான் என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார். ஓட்டுநருக்குக் கிரேன்தான் உயிர். மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தால் மேனேஜரின் வழுக்கையே ஒரு பொத்தான் அளவுதான் தெரியும். அப்பாவுக்குச் சர்க்கரை, அண்ணனுக்குச் சர்க்கரை. தனக்கும் இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதனால் சோதித்துப் பார்த்ததும் இல்லை.

மூட்டை தூக்குபவன் ஈர்க்குச்சி உடம்புக்காரன். சர்க்கரை ஒளிய அந்த உடம்பில் இடமில்லை என்று ஓட்டுநர் நம்பினார். திரும்பி வந்தவன் முகம் சரியில்லை.

"நிறைய இருக்காம். நாளைக்கு வெறும் வயித்துல வரணுமாம்."

"உனக்கா?"

"எனக்கு எதுக்குண்ணே வருது? உங்க நம்பர்தானே. உங்களுக்குத்தான்."

ஓட்டுநர் குழம்பிப் போனார். ரத்தம் அவனுடையது, சர்க்கரை மட்டும் எப்படித் தன்னுடையது? ஆனால் அவன் சொன்ன விதத்தில் ஏதோ நியாயம் இருப்பது போலவும் பட்டது.

மறுநாள் எலக்ட்ரீஷியனைப் பிடித்தார். விடியற்காலையில் ஓடுபவர், பிஸ்கட் கூடத் தொடாதவர். வெறும் வயிற்றோடு போனார். முந்தின நாளை விடக் கூடுதலாக வந்தது. திரும்பி வந்து ஓட்டுநரின் தோளில் கை வைத்தார்.

"பாவம்ப்பா நீ. இனிமேலாவது உடம்பைப் பார்த்துக்க."

ஓட்டுநருக்கு அன்று முழுக்கத் தாகமாக இருந்தது. கால் வேறு மரத்துப் போன மாதிரி.

நர்ஸ் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றதால், மூன்றாம் நாள் மைத்துனனை அனுப்பினார். அதே கிடங்கில் வெல்டர். வாழ்நாளில் ஒரு மாத்திரை கூட விழுங்கியதில்லை என்று மார் தட்டுபவன்.

"மிஷின்ல நம்பரே வரலை மாமா. அளவைத் தாண்டிடுச்சாம். கவலைப்படாதீங்க, அக்காகிட்ட சொல்லிட்டேன்."

மதியத்துக்குள் மனைவி போனில் அழுது முடித்திருந்தாள். தனக்கு ஒன்றும் இல்லை, அது அவள் தம்பியின் ரத்தம் என்று சொன்னார். இந்த நிலைமையிலும் தன் பிறந்த வீட்டைக் குறை சொல்கிறாரே என்று அவள் மறுபடி ஆரம்பித்தாள். மேனேஜர் ஆள் அனுப்பி, சாயங்காலம் கிரேன் சாவியைக் கொடுத்துவிடச் சொன்னார்.

கடன் வாங்க இனி விரல் இல்லை. ஓட்டுநர் தானே போனார். அளவைத் தாண்டாமல் ஏதாவது ஒரு நம்பர் வந்தாலும் போதும், மேனேஜர் காலில் விழுந்து கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தார்.

நர்ஸ் குத்தினாள். மிஷினைப் பார்த்தாள். இன்னொரு விரலைக் கேட்டாள். அதிலும் பார்த்தாள். சர்க்கரை இல்லை. கொஞ்சம் கூட இல்லை.

ஓட்டுநர் முகமூடியைக் கழற்றி, தான்தான் அந்தக் கிரேன் ஓட்டுநர் என்றார். மூன்று நாள் கதையையும் ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டார். சாவியை எடுத்துக் காட்டினார்.

நர்ஸ் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஹெல்மெட்டை வாங்கி மேசை மேல் வைத்துக்கொண்டாள்.

"நான் பார்த்த அத்தனை பேர்ல சர்க்கரை இல்லாத ஒரே ஆளைத் தேடிப் பிடிச்சு அனுப்பியிருக்காரே, கெட்டிக்காரர்தான். ஆனா இந்த வேலையெல்லாம் என்கிட்ட வேணாம், போய் அவரையே வரச் சொல்லுங்க."