நூற்று நாற்பத்து நான்கு ஜோடிக் கம்பியும் ஒரு தொட்டி விதைநெல்லும்

கையில் தெர்மாமீட்டர் இல்லாதவன் தன் விரலையாவது நம்ப வேண்டும். இருபது வயதில் நான் படித்ததை மட்டும் நம்பினேன். அதில் எனக்கு ஒரு கல்யாணம் போயிற்று. (சொல்ல இன்றைக்கும் வெட்கம்தான். நான் சொல்லாவிட்டால் சொல்வதற்கு உறவில் முப்பத்தேழு பேர் இருக்கிறார்கள்.)

யுத்த காலம். மண்ணெண்ணெய்க்கு ரேஷன், டார்ச்சுக்குப் பாட்டரி கிடையாது. காலேஜ் விடுமுறையில் கறம்பக்குடிப் பக்கம் தாய்மாமன் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா மகள் அழகம்மாள் எனக்கு முறைப்பெண். அத்தைக்கோ அவளைத் தன் தம்பிக்குக் கொடுக்க ஆசை. மாமா இரண்டுக்கும் நடுவில் நின்றார்.

"காலேசுல அப்படி என்னதான் படிக்கிறே மாப்ளே? கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஒண்ணு செஞ்சு காட்டேன்."

இருவகை உலோகக் கம்பிகளை நுனியோடு நுனி சேர்த்து, ஒரு பக்கத்தைச் சூடாகவும் மறுபக்கத்தைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்சாரம் உண்டாகும். நெல் அவிக்கும் அடுப்பின் சூடு தினமும் வீணாகப் போவதைப் பார்த்து எனக்கு மனசே ஆறவில்லை. கொல்லர் பட்டறையில் உட்கார்ந்து இரும்பும் ஜெர்மன் சில்வருமாக 144 ஜோடி பற்றவைத்தேன். மின்சாரம் தாராளமாக ஓடட்டும் என்று பென்சில் தடிமனில் எடுத்தேன். தடித்த கம்பியில் சூடும் அதே தாராளத்தோடு ஓடிவிடும் என்பது பாடப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் இருந்தது. (அதை விடுமுறை முடிந்துதான் படித்தேன்.)

ஒரு பக்கத்து நுனிகளை அடுப்பில் செருகினேன். மறுபக்கத்தை அருகிலிருந்த சின்னக் கல்தொட்டித் தண்ணீரில் இறக்கினேன்.

"அத்தான், அதுல வெதநெல்லு ஊறுது" என்றாள் அழகம்மாள்.

"நுனிதானே படுது. ஒண்ணும் ஆகாது."

டார்ச் பல்பு எரிந்தது. கொய்யா விதை அளவுக்குச் சிவப்பு. அடுப்பின் வெளிச்சம் அதைப்போல் ஆயிரம் மடங்கு. ஆனாலும் மாமா இரண்டு கையாலும் பல்பைப் பொத்தி உள்ளே எட்டிப் பார்த்து, "அடேங்கப்பா!" என்றார்.

"அத்தான், தண்ணி வெதுவெதுங்குது."

"பல்பைப் பாரு அழகம்மா."

தண்ணீர் சூடாக ஆக, பல்பு மங்கியது. நான் இன்னும் நான்கு விறகு வைத்தேன்.

"அத்தான், கை வைக்க முடியல! அப்பா, நீங்களாச்சும் பாருங்களேன்."

"சும்மா இரு ஆத்தா. படிச்ச புள்ள தெரியாமயா செய்யும்?" என்றார் மாமா.

அவள் குரல் நடுங்கியதற்கு நான் வேறு காரணம் நினைத்துக்கொண்டேன். (இருபது வயது.) நாற்பத்தோராவது நிமிஷத்தில் பல்பு அணைந்தது.

மாமாவுக்கு அவ்வளவு நேரம் எரிந்ததே போதுமாக இருந்தது. "வர்ற வெள்ளிக்கெழம தட்டு மாத்திருவோம்" என்றார். விதைநெல்லை வடித்து, முளை கட்டச் சாக்கில் போட்டு வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, தாம்பூலத் தட்டோடு என் அப்பாவும் அம்மாவும் வந்து உட்கார்ந்திருக்கும்போது அத்தை சாக்கை அவிழ்த்தாள். இருநூறு நெல்லை எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

"வெத அவிஞ்சுபோன அன்னிக்கா தட்டு மாத்துறது? எம் மக நல்லா இருக்கணுமா வேணாமா?" என்றாள் அத்தை.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். பக்கத்து வயல்காரரிடம் வேறு விதைநெல் கிடைத்தது. அழகம்மாள் எனக்குக் கிடைக்கவில்லை. ஆவணியில் அத்தையின் தம்பியைக் கட்டிக்கொண்டு விராலிமலை போனாள்.

காலேஜ் திரும்பியதும் கணக்குப் போட்டேன். நூறு பங்கு சூட்டில் ஒரு பங்குகூட வெளிச்சமாகவில்லை. மீதியெல்லாம் கம்பி வழியாகத் தண்ணீருக்குப் போயிருக்கிறது. அப்படிப் போன சூட்டை வேறு செலவில்லாமல் அடுப்புக்குத் திரும்ப வரவைக்க எந்த எஞ்சினாலும் ஆகாது. அந்தப் பக்கத்தை மட்டும் நான் பலமுறை படித்தேன்.

எனக்கும் பிறகு கல்யாணம் ஆயிற்று, நான்கு பிள்ளைகள். ஆனாலும் எங்கள் உறவில் எங்கே நிச்சயதார்த்தம் நடந்தாலும், "மாப்ளய வெதநெல்லுப் பக்கம் விடாதீங்கப்பா!" என்று யாராவது கத்தாமல் தட்டு மாறுவதில்லை.

போன தடவை அழகம்மாளின் பேத்திக்கு நிச்சயம். வழக்கம்போல் அந்தக் கதையை அவளே சொன்னாள். "இந்தத் தாத்தா ஏத்துன பல்பு ஒரு நாள் பூரா எரிஞ்சுச்சுடி!"

நான் திருத்துவேன் என்று எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஆமா, எரிஞ்சுச்சு" என்றேன்.